அரை இன்ச்

போன வாரம் மணிமொழியை நாம் விட்டு வந்தது துறைமங்கலத்தில் மாமனாரின் கார் ஷெட்டின் சிமென்ட் தரையில். கறுப்பு போர்டு ஒன்றைக் கீழே போட்டு, அதன் மேல் குனிந்து, வெள்ளை மார்க்கரால் எழுதிக்கொண்டிருந்தாள். அரியலூர் கார் ஷோவுக்காக வண்டியில் என்னென்ன மாற்றினோம் என்று, கொழுந்தன் பாலாஜி சொல்லச் சொல்ல மொத்தம் ஏழு வரி. ஐந்தாவது வரியில் 'இன்ஜின்' என்று எழுதி ஒரு கோடு போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, "அத அப்படியே விடுங்க அண்ணி. ஆர்.சி. புக்கப் பாத்து நான் எழுதிக்கிறேன்" என்று சொல்லிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோதும் அந்த வரி காலியாகத்தான் இருந்தது.

பால்வெள்ளை அம்பாசிடர் ஷெட் வாசலில் நின்றது. பார்க்கிற யாரும் அதை ஏதோ ஆபீஸ் வாசலில் நிற்கும் பழைய வண்டி என்றுதான் சொல்வார்கள். அப்படிச் சொல்ல வைக்கத்தான் பாலாஜி பதினொரு மாதம் உழைத்திருந்தான். பிரேக் புதிது, ஸ்டீயரிங் புதிது, கியர் பாக்ஸ் புதிது. எதுவும் வெளியே தெரியாது. வண்டியை ஒரு இன்ச் இறக்கியிருந்தான். பக்கத்தில் இன்னொரு அம்பாசிடரை நிறுத்தினால்தான் அது கண்ணில் படும். பழைய ரேடியோவின் முகத்துக்குப் பின்னால் புதுப் பாட்டுப் பெட்டி ஒளிந்திருந்தது.

மணிமொழியின் வேலையும் அதில் ஒளிந்திருந்தது. முன் சீட்.

அந்தக் காலத்து அம்பாசிடரில் முன்னால் ஒரே நீள சீட்தான். இதில் இருப்பது தனித்தனியாக இரண்டு. இரண்டும் சேர்ந்து ஒன்றுபோலத் தெரிய வேண்டும் என்று பாலாஜி கேட்டிருந்தான். அவன் கொண்டுவந்து போட்ட இரும்பு ஃப்ரேம்கள் இரண்டும் ஜோடி இல்லை. இடது பக்கத்து ஃப்ரேம் அரை இன்ச் தாழ்வு. "பழைய இரும்புக் கடையில கெடச்சதுதான் அண்ணி. அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க" என்றான். அவளும் இடது பக்கம் அரை இன்ச் ஃபோம் கூட வைத்து, ரெக்ஸினை மூன்று முறை பிரித்துப் பிரித்துத் தைத்தாள். இப்போது தையல் கோடு இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவுவரை நூல் பிடித்த மாதிரி ஓடியது.

யாருக்கும் தெரியாத வேலை. ஆனால் யாராவது ஒருவருக்குத் தெரிந்தாக வேண்டும். இன்றைக்கே தெரிந்தாக வேண்டும்.

திருமானூரிலிருந்து அவள் அண்ணன் அறிவழகன் நேற்றும் போன் பண்ணினான்.

"நாளைக்கழிச்சு காலையில வரேன். துணிமணிய எடுத்து வையி. உம்புருஷன் செத்துப் பதினாலு மாசமாச்சு, புள்ளையா குட்டியா? எத்தன நாளைக்கு அங்க கெடப்ப?"

திருமானூர் வீட்டில் அவளுக்குக் கிடைக்கப்போவது சமையல்கட்டை ஒட்டிய ஒரு பாய் அகலம். அண்ணன் பெண்டாட்டி முகம் சுளிக்காமல் அதைக் கொடுப்பாள். அந்தச் சுளிக்காத முகத்தை நினைத்துத்தான் மணிமொழி இன்னும் ஒரு துணியைக்கூட எடுத்து வைக்கவில்லை.

இங்கே ஷெட்டின் முன்பக்கம், ரோட்டைப் பார்த்து ஒரு ரூம் இருக்கிறது. பழைய டயரும் காலி ஆயில் டின்னும் அடைந்து கிடக்கும் ரூம். அதில் தையல் மெஷினைப் போட்டு சீட் கவர் கடை வைக்கிறேன் என்று மாமனார் சாமிதுரையிடம் ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"கார் சீட் தைக்க பொம்பளகிட்ட எவன் வருவான்?" என்று கேட்ட மனிதர், போன வாரம்தான் கொஞ்சம் இறங்கி வந்தார். "அரியலூர் ஷோவுல பரிசு வரட்டும். ஊரே தேடி வரும். அப்ப அந்த ரூம எடுத்துக்க. வரலையா, பேசாம உங்கண்ணனோட கெளம்பு."

அந்த ரூமின் சாவி அவர் அரைஞாண் கயிற்றில் தொங்கியது.

"கண்ணாடி எங்க அண்ணி?" பாலாஜி குரல் கொடுத்தான்.

"எதுக்கு?"

"வண்டிக்கு அடியில போடணும். கீழ எவ்வளவு சுத்தமா ஒயர் இழுத்திருக்கேன்னு குனியாமலே பாக்கட்டும். காட்டினாத்தானே தெரியும்."

அவள் கல்யாணத்துக்கு வாங்கிய ஆளுயரக் கண்ணாடி. மறுப்பு சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. பாலாஜி அதைச் சட்டத்தோடு தூக்கினான். தூக்கும்போது இடது மணிக்கட்டு வலித்துப் பல்லைக் கடித்தான். உள்ளே பிளேட் வைத்த கை. அண்ணன் விபத்துச் செய்தி கேட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது பைக்கிலிருந்து விழுந்ததாகச் சொன்னான்.

"பாத்துடா" என்றார் சாமிதுரை. "உனக்கும் ஒண்ணு ஆயிடப் போவுது."

---

பாலாஜி ஓட்டினான். பக்கத்தில் சாமிதுரை. பின் சீட்டில் போர்வை சுற்றிய கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு மணிமொழி.

சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற ரோடு. இரண்டு பக்கத்து மரங்களிலும் இலை தெரியாமல் வெள்ளைத் தூள் படிந்திருந்தது. கண்ணைக் கொஞ்சம் சுருக்கிப் பார்த்தால் பனி கொட்டிய ஏதோ ஊர்போல் இருக்கும். கல்யாணமான புதிதில் கணவன் தர்மனிடம் அப்படிச் சொன்னாள். "பனி பெய்யிற ஊர்ல இப்படி இருமிக்கிட்டேவா போவாங்க?" என்று சிரித்தான். இந்த ரோட்டில்தான் அவனும் போனான்.

பேரளி தாண்டி வரும், விபத்து நடந்த அந்த வளைவில் மணிமொழி எப்போதும் கண்ணை மூடிக்கொள்வாள். இன்றைக்கும் மூடினாள். ஆனால் வண்டி வளைவிலேயே ஊர்ந்தது.

"தம்பி, கொஞ்சம் வேகமாப் போயேன்."

"முன்னாடி லாரி நிக்குது அண்ணி."

கண்ணைத் திறந்தாள். முன்னால் லாரி எதுவும் இல்லை. ரோடு காலியாகக் கிடந்தது. பாலாஜியின் கழுத்து வியர்த்திருந்தது. சாமிதுரை தன் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டு மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் அவர் சொன்னது அவளுக்கு எழுத்து எழுத்தாக நினைவிருந்தது. "எதிர்ல வந்தவன் நேருக்கு நேரா அடிச்சுட்டாம்மா. இன்ஜினே உள்ள வந்து புள்ள நெஞ்சுல ஏறிடுச்சு. ஒரு நொடிதான். அவனுக்கே தெரிஞ்சிருக்காது. முகத்தப் பாக்காத, வேண்டாம்." அவள் பார்க்கவில்லை. ஓடி ஓடித் துடைத்த அவன் கான்டெஸா காரையும் அதன் பிறகு பார்க்கவில்லை. திருச்சியில் எடைக்குப் போட்டாயிற்று என்றார்கள்.

ஒரு நொடிதான். பதினான்கு மாதமாக அவளைத் தூங்க வைத்தது அந்த ஒரு நொடிதான்.

---

அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் மைதானத்தில் ஷோ. நாற்பது வண்டிக்கு மேல் இருக்கும். பாட்டு காதைப் பிளந்தது. அவர்களுக்குக் கிடைத்த இடத்துக்குப் பக்கத்தில் ஆரஞ்சு கலரில் ஒரு கார். அடிவயிற்றில் நீல லைட்டு, பின்னால் இறக்கை, உள்ளே நான்கு ஸ்பீக்கர். அதன் சொந்தக்காரன் சக்தி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கதவில் சாய்ந்திருந்தான்.

"அண்ணே, பார்க்கிங் அந்தப் பக்கம்."

"இது ஷோ வண்டிதான்" என்றான் பாலாஜி.

"இதுவா?" சக்தி கண்ணாடியை மூக்கில் இறக்கினான். "தப்பா நெனச்சுக்காதீங்கண்ணே. யாரோ கலெக்டரு வந்திருக்காருன்னு நெனச்சேன்."

பாலாஜி தன் வேலையைப் பார்த்தான். பானட்டைத் திறந்து முட்டுக் கொடுத்தான். கண்ணாடியை அடியில் தள்ளினான். கழற்றிய பழைய சாமான்களை, பிரேக் டிரம், கறுத்த ஒயர், பழைய சீட்டின் கிழிந்த ஓரம், எல்லாவற்றையும் ஒரு வெள்ளை வேட்டியில் வரிசையாக வைத்தான். எது போய் எது வந்தது என்று ஜனங்கள் ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். மணிமொழிக்கு அது பதினாறாம் நாள் படையல் போல இருந்தது. செருப்பு, வாட்ச், சீப்பு. அன்றைக்கும் இப்படித்தான் வைத்தார்கள்.

ஒரு மணி நேரம் ஒருவரும் நிற்கவில்லை.

ஒரு பெரியவர் மட்டும் வந்து ஜன்னலில் குனிந்தார். "தம்பி, ரயில் ஸ்டேஷனுக்கு எவ்வளவு கேப்ப?"

சக்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

பதினோரு மணிக்கு நடுவர்கள் மூன்று பேர் வந்தார்கள். தொப்பி போட்டவர் கையில் மார்க் ஷீட். "என்ன மாத்தியிருக்கீங்க?"

பாலாஜி மூச்சு விடாமல் சொன்னான். அவர் போர்டைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "ஒண்ணும் தெரியலையேப்பா."

"தெரியாம மாத்துறதுதான் சார் இதுல வேலையே."

"தெரியாததுக்கு நான் எங்கேர்ந்து மார்க் போடுறது?" கூட வந்தவர் சிரித்தார். "அஞ்சாவது வரி என்னப்பா, காலியா கெடக்கு? இன்ஜின் இருக்கா இல்லையா?"

மூன்றாவது ஆள் சிரிக்கவில்லை. கலைவாணன் என்று பேட்ஜ் குத்தியிருந்தார். திருச்சியில் முப்பது வருஷமாகப் பழைய வண்டி வேலை. நரைத்த மீசை, நகக்கண்ணில் போகாத கிரீஸ். கதவு இடைவெளியில் சுண்டுவிரலை மேலிருந்து கீழே ஓட்டினார். "ம்" என்றார். "சுத்திட்டு மறுபடி வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

பாலாஜியின் முகம் இருண்டு போயிருந்தது. "பதினோரு மாசம் அண்ணி. ஸ்டேஷனுக்கு எவ்வளவுன்னு கேக்குறான்."

"இன்னும் நேரமிருக்கு தம்பி."

"என்ன நேரம்? இங்க கத்துறவனுக்குத்தான் காது குடுப்பானுங்க."

சாமிதுரை எழுந்தார். "வாம்மா, சாப்பிட்டு வருவோம். அவன் இருக்கட்டும்."

மண்டபத்துப் பின்னால் தக்காளி சாதம் கொடுத்தார்கள். மாமனார் நாலு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. போன வெள்ளிக்கிழமை வண்டிக்குப் பூஜை போட சிறுவாச்சூர் போனபோதும் அவர் இப்படித்தான் இருந்தார். டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்ததும், அம்மன் முன்னால் எல்லார் எதிரிலும் வாய்விட்டு அழுதார். பெரிய மகனை நினைத்து அழுகிறார் என்று அவளும் கூட அழுதாள்.

---

திரும்பி வந்தபோது அம்பாசிடரைக் காணவில்லை. அத்தனை கூட்டம்.

விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். ஆரஞ்சு காரின் பாட்டு நின்றிருந்தது. சக்தி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். பத்து இருபது போன்கள் பாலாஜியைப் பார்த்து நீண்டிருந்தன. அவன் கையில் விழாக்காரர்களின் மைக்.

மணிமொழி முதலில் போர்டைத்தான் பார்த்தாள். அவளுடைய நேரான ஆறு வரிகளுக்கு நடுவே பாலாஜியின் கோணல் எழுத்து.

'5. இன்ஜின் — என் அண்ணன் தர்மனின் கான்டெஸா. அவர் இறந்த வண்டி. அண்ணன் நின்றுவிட்டார். இன்ஜின் நிற்கவில்லை.'

இரண்டு முறை படித்தாள்.

"...இருவத்தெட்டு வயசு" என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தான் பாலாஜி. "எனக்கு ஸ்பேனர் புடிக்கக் கத்துக் குடுத்ததே அண்ணன்தான். அந்த இன்ஜின எடைக்குப் போட எனக்கு மனசு வரல. அதோ, அதோ நிக்கிறாங்க பாருங்க, எங்க அண்ணி!"

போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அவள் பக்கம் திரும்பின. யாரோ ஒரு அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "அழாத தாயி. அழாத." அவள் அழவில்லை. அந்த அம்மாதான் அழுதாள். பிறகு மணிமொழியின் கையைப் பிடித்து இழுத்துப்போய்த் திறந்திருந்த பானட்டுக்குள், இன்ஜின் மேல் வைத்தாள்.

பாலாஜி சாவியைத் திருப்பினான்.

அந்தச் சத்தம். ஷெட்டில் எத்தனையோ முறை இதை ஓடவிட்டார்கள். சேலத்தில் ஒரு கான்டெஸாவை உடைத்தார்கள், அதிலிருந்து எடுத்தது என்று பாலாஜி சொல்லியிருந்தான். அதனால் அது சேலத்து இன்ஜினாகவே கேட்டது. இன்றைக்குத்தான் அது தர்மன் சாயங்காலம் ஏழு மணிக்குத் தெருமுனை திரும்புகிற சத்தமாகக் கேட்டது. ஒரு கணம் அவள் உடம்பு, அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு வாசலுக்குப் போகத் தயாரானது. உள்ளங்கை சூடேறியது. கையை எடுக்க மனம் வரவில்லை.

"அழிடா அத." முதுகுக்குப் பின்னால் சாமிதுரையின் குரல். அடிக்குரல்.

"ஏன்ப்பா? கூட்டத்தப் பாரு."

"அழிடாங்கிறேன், முட்டாப்பயலே."

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. துக்கம் என்றுதான் நினைத்தாள். அவருக்கும் பிள்ளைதானே.

இன்ஜின் நின்றது. கூட்டம் கைதட்டியது. பாலாஜி பக்கத்தில் வந்து, "கோவமா அண்ணி?" என்றான். "சொன்னா அழுவீங்கன்னுதான் சேலம்னு சொன்னேன்."

"பதினோரு மாசம் தம்பி. தெனம் உனக்கு டீ கொண்டாந்து குடுத்தேன். இது மேலதான் டம்ளர வைப்பேன்."

அவன் தலையைச் சொறிந்தான். "சந்தோஷப்படுவீங்கன்னு நெனச்சேன்."

"ஊருக்கெல்லாம் சொல்லிட்டு எனக்குச் சொல்ற."

அவள் மறுபடி உள்ளே பார்த்தாள். ஃபேன், பெல்ட், ஒரு புள்ளிகூட உடையாத வார்ப்பு இரும்பு. பளபளவென்று இருந்தது. அப்போதுதான் அது தோன்றியது. தோன்றியதும் இவ்வளவு நேரம் தோன்றாததுதான் ஆச்சரியமாக இருந்தது.

"மாமா. இன்ஜின் உள்ள வந்துடுச்சுன்னு சொன்னீங்களே?"

சாமிதுரை துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஆமா. வந்துச்சு. அப்புறம் நிமித்துனோம்."

"வார்ப்பு இரும்ப நிமித்துனீங்களா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வார்ப்பு இரும்பு வளையாது, உடையும். இரண்டு வருஷம் ஷெட் வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தவளுக்குக்கூடத் தெரிகிற விஷயம் அது.

---

கலைவாணன் சொன்னபடி திரும்பி வந்தார். கூட்டத்தையும் போர்டையும் அவர் கவனிக்கவில்லை. நேராக முன் கதவைத் திறந்து, உட்காராமல், உள்ளங்கையால் சீட்டை அங்கங்கே அழுத்திப் பார்த்தார். தையல் கோட்டைக் கண்ணை ஒட்டி வைத்து நோட்டம் விட்டார்.

"இது நீள சீட்டு இல்ல. ரெண்டு சீட்டு. யாரு தச்சது?"

மணிமொழி ஒரு அடி முன்னால் வந்தாள். "நான்தான் சார்."

"நீயாம்மா?" அவர் நிமிர்ந்து முழுதாகப் பார்த்தார். "எங்க கத்துக்கிட்ட?"

"பிரிச்சுப் பிரிச்சுப் பாத்துதான் சார்."

"இந்தக் கோட்ட திருச்சியில தைக்க எனக்கு ஆளு இல்ல." பின்னால் நின்ற தொப்பிக்காரரிடம், "சார், வந்து இதப் பாருங்க, இன்ஜினல்லாம் அப்புறம்" என்றார். தொப்பிக்காரர் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

இத்தனை நாள் அவள் காத்திருந்த வார்த்தை. ஒளித்து வைத்ததை ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். வந்தது வந்தபடி அதை வாங்கி வைத்துக்கொள்ள அவளுக்கு அரை நிமிஷம்தான் கிடைத்தது.

"இடது பக்கம் ஃபோம் கூட வச்சிருக்க."

"அரை இன்ச் சார். ஃப்ரேம் ஜோடி இல்ல."

அவர் சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்தார். "ஆமா. வலது பக்கம் கான்டெஸா ஃப்ரேம். அசல். ஒரு நெளிசல் இல்ல. இடது பக்கத்துல போட்டிருக்கிறது வேற ஏதோ வேன் ஃப்ரேம்." டார்ச்சை அணைத்தார். "மைக்குல சொன்னாரே, அந்தக் கான்டெஸாலேர்ந்துதானே இன்ஜினும் எடுத்தீங்க? ரெண்டு சீட்டையும் அதுலேர்ந்தே எடுத்திருந்தா இந்தக் கஷ்டமே இல்லையே. இடது சீட்டு என்னம்மா ஆச்சு?"

அவர் ஒரு தொழில்காரர் இன்னொரு தொழில்காரரிடம் கேட்கிற மாதிரி கேட்டார். அவ்வளவுதான்.

"தெரியல சார்" என்றாள்.

அவர் ஒரு விசிட்டிங் கார்டைக் கொடுத்துவிட்டுப் போனார். அது அவள் கையில் இருந்தது. அவள் வண்டியின் திறந்த கதவைப் பிடித்தபடி நின்றாள்.

வலது பக்கம் ஓட்டுகிறவன் சீட். ஓட்டியவன் செத்துப்போன வண்டியில், ஓட்டுகிற சீட்டுக்கு ஒரு நெளிசல் இல்லை. முன்னால் இருந்த இன்ஜினுக்கு ஒரு கீறல் இல்லை. நொறுங்கிப்போனது இடது பக்கம். இடது சீட் மட்டும், ஃப்ரேமோடு, எடைக்குக்கூட எடுக்க முடியாமல்.

அந்த அரை இன்ச் பள்ளத்தை ஃபோம் வைத்து மூடியது அவள்தான். மூன்று முறை பிரித்து, கோணல் தெரியாமல், நூல் பிடித்த மாதிரி.

பாலாஜி இரண்டு பையன்களுக்கு நடுவில் நின்று போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தான். வலது கை ஒருவன் தோளில். பைக்கிலிருந்து விழுந்ததாகச் சொன்ன இடது கையை வழக்கம்போல் வயிற்றோடு அணைத்து வைத்திருந்தான்.

அவள் மாமனார் பக்கம் திரும்பினாள். திரும்பியதோடு சரி.

சாமிதுரை அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்தார். முடிச்சு லேசில் விடவில்லை. அவிழ்த்து, அவள் கையைப் பிடித்து, அதற்குள் வைத்து மூடினார்.

"பரிசு வருதோ இல்லையோ, அந்த ரூம் உனக்கும்மா. நாளைக்கே மெஷின எறக்கிடு. டயரெல்லாம் நான் அள்ளிப் போடுறேன். உங்கண்ணன வர வேண்டாம்னு சொல்லிடு."

"நான் இன்னும் ஒண்ணும் கேக்கலையே மாமா."

"கேக்காதம்மா." அவர் உதடு கோணியது. "எனக்கு ரெண்டு புள்ளைல ஒண்ணு போச்சு. கேக்காத."

சாவி வெயிலில் கிடந்த இரும்பு போலச் சுட்டது. அவர் உடம்பு சூடு.

---

நான்கு மணிக்குப் பரிசு. மேடைக்குக் கூப்பிடாமல் வண்டிக்குப் பக்கத்திலேயே வந்து கொடுத்தார்கள்; போட்டோவில் வண்டியும் விழ வேண்டுமாம். சிறந்த வண்டி சக்தியின் ஆரஞ்சு கார். சிறந்த உள்வேலைப்பாடு, ஊதாக் கலர் வெல்வெட் வைத்த ஒரு ஜீப்புக்குப் போனது. கலைவாணன் தூரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அடுத்து, மனசத் தொட்ட வண்டி!" என்று கத்தினார் மைக் பிடித்தவர்.

அப்படி ஒரு பரிசு காலையில் நோட்டீஸில் இல்லை.

பாலாஜி துள்ளிக் குதித்தான். அப்பாவைக் கட்டிக்கொண்டான். கோப்பையை வாங்கித் தலைக்கு மேல் தூக்கினான். இடது கையால் தூக்க முடியாமல் கோப்பை ஒரு பக்கம் சாய்ந்தது. கூட்டம் விசிலடித்தது.

"அண்ணி ரெண்டு வார்த்த பேசட்டும்!" என்றது ஒரு பெண் குரல். "ஆமா, அண்ணி பேசட்டும்!"

மைக் அவள் கைக்கு வந்தது. ஒரு கையில் மைக், இன்னொரு கையில் சாவி. சாமிதுரை அவளைப் பார்க்காமல் சாவி இருந்த கையைப் பார்த்தார். சாவி பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி.

பேசாமல் இருந்தால் நாளைக்கு மெஷினை இறக்கலாம். ரோட்டைப் பார்த்த ரூம். வாசலில் அவள் பெயர் போட்ட போர்டு. திருமானூர் வேண்டாம். அவள் அந்த ரூமை ஒரு முறை மனக்கண்ணால் பார்த்தாள். ஜன்னல் எந்தப் பக்கம், மெஷின் எந்தப் பக்கம் என்றுகூட.

"எல்லாருக்கும் நன்றி" என்றாள். குரல் ஸ்பீக்கரில் வேறு யாருடையதோ போல வந்தது. "முன் சீட்டு நான் தச்சது. ஓட்டுற சீட்டு என் வீட்டுக்காரர் கான்டெஸாவோடது. அது நல்லா இருந்துச்சு. இடது சீட்டுதான் இல்ல. அதனால அந்தப் பக்கம் அரை இன்ச் கூட வச்சுத் தச்சேன்."

கூட்டம் புரியாமல் கைதட்டியது. பாலாஜியின் கையிலிருந்த கோப்பை மெல்லக் கீழே இறங்கியது.

மணிமொழி அவன் பக்கம் திரும்பினாள். மைக்கை வாயிலிருந்து எடுக்கவில்லை.

"தம்பி, அன்னைக்கு உங்கண்ணன் எந்தப் பக்கம் உக்காந்திருந்தாரு?"

மைதானத்தின் நான்கு மூலை ஸ்பீக்கரிலும் அந்தக் கேள்வி ஒன்றன்பின் ஒன்றாகப் போய் நின்றது. பின்வரிசையில் யாரோ இதற்கும் கைதட்டினார்கள். முன்னால் இருந்தவர்கள் தட்டவில்லை. தூரத்தில் கலைவாணன் கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

பாலாஜி அப்பாவைப் பார்த்தான். அப்பா தரையைப் பார்த்தார். அவன் நெருங்கி வந்து, உதட்டை ஈரமாக்கிக்கொண்டு, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, பல்லிடுக்கில் சொன்னான்:

"அண்ணி, மைக்க ஆஃப் பண்ணுங்க."

அதுவும் நான்கு மூலையிலும் கேட்டது.

மணிமொழி ஆஃப் பண்ணவில்லை.